பாப்பாவின் வீட்டுப்பாடமும் தாத்தாவின் லாரியும்

வெள்ளிக்கிழமை இரவு. சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையில் என் மகள் சமூகவியல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்ப்பது அவள் வழக்கம். "சிங்கப்பூர் ஒரு சின்னத் தீவு. இங்கே இயற்கை வளம் எதுவும் இல்லை" என்று ஆங்கிலத்தில் படித்தாள்.

வரவேற்பறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒலியைக் குறைத்தார். அவருக்கு 76 வயது. ஆங்கிலம் ஓரளவு புரியும்.

"என்ன இல்லேன்னு எழுதியிருக்கே பாப்பா?"

"இயற்கை வளம் தாத்தா. எண்ணெய், தங்கம், மண்ணு, கல்லு... ஒண்ணும் இல்ல."

"அப்ப நான் பதினாறு வருஷம் லாரியில ஏத்துனது என்னவாம்?"

பாப்பா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. முதல் தோசையோடு கையைக் கழுவிக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

அந்த வாக்கியத்தை நானும் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். மேடைகளிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 'மக்களே நம் வளம்' என்பது தவறாமல் அடுத்த வரியாக வரும். தவறென்று சொல்லிவிடவும் முடியாது. நிலக்கரி இல்லை, எண்ணெய்க் கிணறு இல்லை. வெள்ளீயச் சுரங்கங்கள்கூட நீரிணைக்கு அந்தப் பக்கம் தீபகற்பத்தில்தான். ஆனால் நான் கட்டுமானத் துறையில் இருப்பவன். மணலும் ஜல்லியும் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்பது என் அன்றாட வேலை. அப்பா கேட்டது வெறும் கோபத்தில் கேட்ட கேள்வி இல்லை என்பது எனக்குத் தெரியும். 1970 முதல் 1986 வரை தெம்பனிஸ், பிடோக் மணல் குழிகளிலிருந்து லாரி ஓட்டியவர் அவர். தோ பாயோவுக்கும் அங் மோ கியோவுக்கும் அவர் கொண்டுபோய்க் கொட்டிய மணல் இன்று எத்தனையோ வீடுகளில் சுவராக நிற்கிறது.

மறுநாள் காலை அவரே சொன்னார். "ஞாயித்துக்கிழமை தேக்காவுக்குப் போவோம்ல? கொஞ்சம் சீக்கிரமா கெளம்புவோம். பாப்பாவுக்குச் சிலதைக் காட்டணும்."

சிராங்கூன் சாலையில் எங்கள் முதல் நிறுத்தம் வீரமாகாளியம்மன் கோயில். சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் அப்பா கேட்டார், "இந்தக் கோயிலுக்குப் பழைய பேரு தெரியுமா?" பாப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அன்று அவர்தான் வாத்தியார்.

சுண்ணாம்புக் கம்பம் கோயில். அப்படித்தான் அந்தக் காலத்தில் அழைத்தார்கள். மலாய் மொழியின் கம்போங் நம் வாயில் கம்பம் ஆனது. இந்தப் பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. தீவைச் சுற்றிய கடலில் கிடைத்த பவளக் கற்களையும் சிப்பிகளையும் சுட்டால் சுண்ணாம்பு. பக்கத்திலேயே செங்கல் சூளைகள். தாழ்வான, ஈரமான நிலம். களிமண் எளிதாகக் கிடைத்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் கிடைத்தால் ஊர் எழும்பிவிடும், அல்லவா?

சிங்கப்பூரில் செங்கல் அறுத்த முதல் தமிழர்களில் பெயர் தெரிந்தவர் நாராயண பிள்ளை. 1819இல் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்தவர். தஞ்சோங் பகாரில் சூளை போட்டு, இங்கே முதல் இந்தியக் கட்டடக் குத்தகையாளர் ஆனார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை 1827இல் தொடங்கியவரும் அவரே. செங்கல் வியாபாரி எழுப்பிய அந்த முதல் கோயில் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். செங்கல் கட்டடம் பிறகுதான் வந்தது.

பெயர் தெரியாதவர்கள் அதைவிட அதிகம். 1825 முதல் இந்தியாவிலிருந்து கைதிகளை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். 1858இல் சிராங்கூன் சாலையில் அரசு செங்கல் சூளை தொடங்கியபோது வேலை செய்தவர்கள் அவர்கள்தாம். அவர்கள் அறுத்த கல்லுக்கு 1867இல் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் அவர்களே. அதன் உட்சுவர்ப் பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணம்' என்று பெயர்: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை மூன்றையும் அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசி, பளபளவென்று தேய்த்தெடுப்பது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும்.

"சுவத்துல முட்டையா?" என்று மூக்கைச் சுருக்கினாள் பாப்பா. அன்றைய பாடத்தில் அவள் மனத்தில் முதலில் ஒட்டியது அதுதான்.

அங்கிருந்து பஃப்ளோ ரோடு. அதற்கு இணையாகவே கெர்பாவ் ரோடு. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று மலாய். இரண்டுக்கும் எருமை என்றே பொருள். ஒரே பெயரை இரண்டு தெருவுக்கு வைக்கும் அளவுக்கு இங்கே மாடு இருந்தது. காரணம் நிலத்தின் அமைப்புதான். ரோச்சோர் ஆற்றோரச் சதுப்பில் தண்ணீரும் புல்லும் இருந்தன, எருமை கிடக்கச் சேறும் இருந்தது. மாட்டு வியாபாரிகள் வந்தார்கள், மாடு மேய்க்க வடக்கிந்தியரும் தமிழரும் வந்தார்கள், அவர்களுக்குச் சோறு போடக் கடைகள் வந்தன. தேக்கா என்ற பெயருக்கே, ஆற்றங்கரையில் வளர்ந்த 'சின்ன மூங்கில்களின் அடி' என்று ஹொக்கியன் மொழியில் பொருள் சொல்வார்கள். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். நான் பிறந்த மருத்துவமனையின் பெயர் அது. 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன; உலக சாதனை. நம்மில் பாதிப் பேர் எருமைத் தொழுவத்தில் பிறந்தவர்கள் என்றதும் பாப்பா தெருவிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

நகரம் நெருக்கியதும் மாடுகள் போயின, சூளைகள் அணைந்தன, சதுப்பு மேடானது. ஆனால் அடியில் நிலம் மாறவில்லை. ரோச்சோர், காலாங் பகுதிகளின் கீழே பல மீட்டர் ஆழத்துக்குப் பற்பசை போன்ற கடற்களிமண் கிடக்கிறது. டவுன்டவுன் ரயில் பாதைக்கு ரோச்சோர் நிலையம் தோண்டியபோது, கால்வாயையே இடம் மாற்றிவிட்டுத்தான் வேலை பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் துறையில் அந்த மண்ணின் பெயரைச் சொன்னாலே பொறியாளர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

களிமண் கிழக்கிலும் தெற்கிலும் என்றால், தீவின் நடுவில் இருப்பது கருங்கல். கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 27 கிலோமீட்டர் உள்ள இந்தத் தீவின் உச்சி, 163 மீட்டர் உயர புக்கிட் தீமா. 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறை அது. அதே கல் புலாவ் உபினிலும் உண்டு. கடல்நடுவே பெட்ரா பிராங்காவில் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851இல் உபின் கல்லில் கட்டப்பட்டது. அந்தப் பாறைத் தீவு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் 2008இல் அனைத்துலக நீதிமன்றம் சிங்கப்பூருக்கே என்று தீர்ப்பளித்தபோது, அந்த விளக்கை இத்தனை காலம் பராமரித்த கதையும் வழக்கில் பேசப்பட்டது. 1924இல் திறந்த ஜோகூர் கடற்பாலத்துக்குள் இருப்பதும் உபின் கல்லும் புக்கிட் தீமா கல்லும்தான். அவசரமாகப் பாலத்தைக் கடந்து பெட்ரோல் போடப் போகும்போது நாம் உருட்டிக்கொண்டு போவது நம் மலையின் மீதுதான்.

உபினின் கடைசிக் கல்லுடைப்பு 1999இல் நின்றது. புக்கிட் தீமாவின் கல்குழிகளில் இன்று தண்ணீர் நிற்கிறது. வாரயிறுதியில் குடும்பத்தோடு போய்ப் படம் பிடித்துக்கொள்கிறோம். புக்கிட் கோம்பாக்கின் கல்குழிக்கு 'குட்டி குய்லின்' என்று செல்லப்பெயர் வேறு. சீனாவின் குய்லின் மலைகளைப் போல இருக்கிறதாம். இயற்கைக் காட்சி என்று நாம் ரசிப்பது ஒரு காலத்தில் வெடி வைத்த இடம்.

காலைச் சுற்றல் முடிந்து கோமள விலாசில் உட்கார்ந்தபோதுதான் அப்பா தன் மணலுக்கு வந்தார்.

"பிடோக், சிக்லாப் பக்கமெல்லாம் மேடு மேடா இருக்கும் பாப்பா. அதை வாளி கோத்த பெரிய சக்கரம் வெச்சு வெட்டுவாங்க. அந்த மண்ணு நீளமான பெல்ட்ல ஓடிக் கடலுக்குப் போவும். நாங்க இந்தப் பக்கம் மணல் ஏத்திட்டு நிப்போம். அந்தப் பக்கம் மலை ஓடிட்டு இருக்கும்."

அவர் சொன்னது மிகையில்லை. 1966இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நில மீட்புத் திட்டத்துக்காக அந்தக் குன்றுகள் கரைந்தன. மரின் பரேட், கிழக்குக் கடற்கரைப் பூங்கா, மரினா வட்டாரம் எனப் பல கட்டங்களில் 1,500 ஹெக்டேருக்கு மேல் நிலம் கிடைத்தது. ஆனால் குன்றுகள் சீக்கிரம் தீர்ந்துவிட்டன. அதன்பின் கடலடி மணல். பிறகு அண்டை நாடுகளின் மணல். 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. கால்வாசி கூடுதல் நாடு!

கொடுத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1997இல் மலேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தது. 2007இல் இந்தோனேசியா. 2017இல் கம்போடியா. கம்போடியாவின் கோ கோங் மாகாணத்தில், தோண்டுகலங்கள் வந்தபின் மீனும் நண்டும் குறைந்துவிட்டன என்று மீனவர்கள் முறையிட்டார்கள். இந்தோனேசியத் தடை வந்த ஆண்டு என் வேலையிடத்தில் கான்கிரீட் வராமல் நாள்கணக்கில் காத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதுவரை மணலை ஒரு பொருளாகவே நான் எண்ணியதில்லை. தண்ணீர்க் குழாயைத் திறப்பது போல, கேட்டால் வரும் என்று இருந்துவிட்டேன்.

இன்று பிடோக்குக்கும் தெம்பனிசுக்கும் இடையே வேலிக்குள் ஒரு மணல் மலை இருக்கிறது. நாட்டின் அவசரக் கையிருப்பு. அப்பா அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். மணலை எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே வெளிநாட்டு மணலைக் குவித்து வைத்திருப்பது அவருக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அவ்வளவு சிரிப்பு வருவதில்லை. புலாவ் தெக்கோங்கில் டச்சுக்காரர்களைப் போல அணை கட்டி நீரை இறைத்து நிலம் எடுக்கும் முறைக்கு நாம் போனதற்கு ஒரு காரணம், அதற்கு மணல் குறைவாகப் போதும் என்பதுதான். கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டேரில் 'லாங் ஐலண்ட்' எழுப்பும் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. ஏறும் கடல்மட்டத்தைத் தடுக்க அது தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கான மணல் யார் வீட்டு வாசலிலிருந்து வரும் என்ற கேள்வியையும் கூடவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பிட்டு வெளியே வந்தால் மழை. சிங்கப்பூர் மழைக்கு முன்னறிவிப்பு ஏது? கடைவீட்டு ஐந்தடிப் பாதையில், பூக்கட்டும் அம்மாவின் கடையோரம் ஒதுங்கி நின்றோம். ஓட்டுக் கூரையிலிருந்து கயிறு கயிறாகத் தண்ணீர். சாலையோரச் சாக்கடைக்குள் அது விழுந்து ஓடும் சத்தம்.

"இது எங்க போவுது அப்பா?" என்றாள் பாப்பா.

"நீ குடிக்கப் போற."

அவள் நம்பவில்லை. நம்பக் கஷ்டமான செய்திதான். லிட்டில் இந்தியாவில் விழும் மழை ரோச்சோர் கால்வாய்க்குப் போகிறது. அது காலாங் படுகையில் சேர்கிறது. முன்பு அங்கிருந்து கடல். 2008 அக்டோபரில் மரினா அணைக்கட்டு திறந்தபின் கடலின் வாய் மூடப்பட்டு, நகரத்தின் நடுவே ஒரு நன்னீர் ஏரி உருவானது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்து மழை அதில் வந்து விழுகிறது. தேக்கா சந்தைக் கூரை, கோயில் கோபுரம், முஸ்தஃபா கடையின் மொட்டை மாடி எல்லாம் அதில் அடக்கம். சுத்திகரித்தபின் அது நம் குழாயில் வருகிறது. அதனால்தான் சாக்கடையில் குப்பை போட்டால் அபராதம் என்றேன். பாப்பா கையிலிருந்த ஐஸ்கிரீம் குச்சியை மெல்லப் பைக்குள் போட்டாள்.

ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை நமக்கு. ஏறத்தாழ 170 நாள் மழை நாள். ராமநாதபுரத்தில் பெய்வது இதில் பாதிகூட இல்லை. அங்கே கண்மாய் வெட்டி, அந்தக் கொஞ்ச மழையைப் பல மாதம் வைத்து வாழ்ந்தார்கள். நமக்கு மழையில் பஞ்சமில்லை, மடியில்தான் பஞ்சம். மலை உயரமில்லை, மிக நீளமான காலாங் ஆறே 10 கிலோமீட்டர்தான், கிணறு தோண்டினால் ஊருக்குக் காணும் அளவு நிலத்தடி நீரும் இல்லை. பெய்த மழை சிறிது நேரத்தில் கடலுக்குப் போய்விடும் அமைப்பு. மழையும் சொன்னபடி பெய்வதில்லை. 1978 டிசம்பர் 2ஆம் தேதி பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் கொட்டியது. அன்று லாரியைப் பாதி வழியில் விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு வந்ததை அப்பா ஐந்தடிப் பாதையில் நின்றபடியே நடித்துக் காட்டினார். 2014 தொடக்கத்திலோ தொடர்ந்து 27 நாள் வறட்சி.

அதனால் இன்று 17 நீர்த்தேக்கங்கள் இருந்தும் போதவில்லை. நாட்டுக்கு நாள்தோறும் சுமார் 44 கோடி கேலன் வேண்டும். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுக்க அந்த ஆற்றிலும் தண்ணீர் இருக்க வேண்டுமே? அதற்கு ஆதாரமான லிங்கியு நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2003இல் வந்த புதுநீரும், 2005இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பும் மீதியைத் தாங்குகின்றன. கடல்நீரைக் குடிநீராக்க மின்சாரம் நிறைய வேண்டும். நம் மின்சாரமோ பெரும்பாலும் இறக்குமதி எரிவாயுவில் வருகிறது. ஆக அந்தத் தண்ணீரும் ஒருவகையில் வெளியிலிருந்து வருவதுதான்.

"ஜோகூர் ஒப்பந்தம் எப்ப முடியும்?"

"2061."

பாப்பா விரல் விட்டு எண்ணினாள். அப்போது அவள் ஏறக்குறைய என் இன்றைய வயதில் இருப்பாள். "அப்ப என் பிள்ளைக்கு நான்தான் தோசை சுடணும்" என்றாள். அப்பா அவள் தலையைத் தடவினார். நான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரத்துக் கணக்கை என் வீட்டுச் சமையலறையோடு சேர்த்து யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மழை விட்டதும் லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் பாதையில் ஏறினோம். மாறாமல் ஒரே ரயிலில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் பிடோக் நீர்த்தேக்க நிலையம் வந்ததும் அப்பா எழுந்துவிட்டார். "கொஞ்சம் தண்ணியப் பாத்துட்டுப் போவோம்."

மாலை வெயில் ஈரத்தில் மினுங்கியது. ஓடுகிறவர்கள், சைக்கிள் பழகும் பிள்ளைகள், துடுப்புப் படகுகள். சுற்றிலும் வீவக அடுக்குமாடிகள். அவற்றின் மேல் விழும் மழைதான் இந்த ஏரியில் சேர்கிறது. இதுவும் முன்பு மணல் குழி. மணல் எடுத்து முடிந்தபின் நீர்த்தேக்கமாக்கினார்கள். 1986இல் வேலை முடிந்தது. அந்த ஆண்டோடுதான் அப்பாவின் லாரியும் நின்றது.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார்.

"அந்தா, அங்கதான் சரிவு. லாரியப் பின்பக்கமாவே இறக்கணும். மழை பேஞ்சா டயர் பொதைஞ்சிரும். ஒரு தடவை ராத்திரி பூரா உள்ளேயே கெடந்தேன்."

"தண்ணிக்குள்ளயா தாத்தா?"

"அப்ப ஏது தண்ணி? மணலுதான்."

பாப்பா எக்கி எக்கிப் பார்த்தாள். "அங்கன்னா எங்க? அந்தப் படகு கிட்டயா?"

"இல்ல, அதுக்கு இந்தப் பக்கம்... இரு, அப்ப அந்தக் கட்டடமெல்லாம் கெடையாது." அப்பா கையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். மறுபடி வலப்பக்கம். அவருக்கே குழப்பமாகிவிட்டது. மூன்று முறை இடத்தை மாற்றினார். பாப்பா ஒவ்வொரு முறையும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, வீட்டுப்பாடத்தை மாற்றி எழுத வேண்டுமா என்று என்னிடம் கேட்டாள். தாத்தாவிடம் கேள் என்றேன். கேட்டாள்.

"டீச்சர் என்ன சொல்றாங்களோ அதை எழுது. ஆனா கீழ ஒரு வரி, எங்க தாத்தா மணல் லாரி ஓட்டினாருன்னு எழுதிக்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தோசை மாவு மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.